சக்திப் பானமா? கடன் பேணியா?

மொன்றியலுக்கு வந்து சேரும் எம்மவர்கள் முதல் மாதத்திலேயே சில சொற்களைப் பழகிக்கொள்கிறார்கள். மெற்றோ, தெப்பனர், ஏஜென்சி, இரவு ஷிப்ட். பிரெஞ்சு வகுப்பில் காலடி வைக்கும் முன்னரே இவை வாயில் வந்துவிடும். இப்பொழுது இவற்றோடு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது. அதுதான் எனர்ஜி ட்ரிங்க். தமிழில் சக்திப் பானம் என்று சொல்லலாம்.

பார்க் எக்ஸ்ரென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ எந்தத் தெப்பனர் கடைக்குள் போனாலும் குளிர் அலுமாரியில் றெட் புல், மொன்ஸ்ரர், றொக்ஸ்ரார் என்று பேணிகள் வரிசையாக நிற்கின்றன. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலுள்ள காசு போடும் இயந்திரத்திலும் அவை உண்டு. ஏஜென்சி வானில் ஏறும்போதே பலரது கையில் ஒரு பேணி இருக்கிறது. "அண்ணை, ஒண்டு குடிச்சுப் பாருங்கோ, நித்திரை பறந்துபோம்" என்று பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இயந்திரத்தின் முன் நின்று கண்ணயர்ந்தால் விரல் போகும், வேலையும் போகும் என்ற பயத்தில்தான் சொல்கிறார்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். பகலில் படுத்து இரவில் வேலைக்குப் போகிறவர்கள். ஆனாலும் இந்தப் பேணியைப் பற்றி மருத்துவர்களும் கனடிய சுகாதார அமைச்சும் சொல்லியிருப்பவற்றில் எமக்குத் தேவையானதை எளிய தமிழில் இங்கே தருகின்றோம். பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. இதைக் குடிக்கும் எல்லோரும் விழுந்துவிடுவதில்லை. எவ்வளவு குடிக்கிறோம், எப்போது குடிக்கிறோம், யார் குடிக்கிறார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

பேணிக்குள் என்ன இருக்கிறது?

பேணியில் பெரிய எழுத்தில் பல பெயர்கள் இருக்கும். ரோரின், ஜின்செங், குவாரனா, பி வைற்றமின்கள். இவற்றைப் பார்த்து ஏதோ மருந்துச் சத்து என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் நித்திரையைக் கலைப்பது ஒன்றே ஒன்றுதான். அது கஃபீன். எங்கள் தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் உள்ள அதே பொருள். குவாரனா என்பது பிரேசில் நாட்டுக் கொடியொன்றின் விதை. அதன் உள்ளே இருப்பதும் கஃபீன்தான்.

ரோரின் பற்றி எம்மவரிடையே ஒரு சந்தேகம் உண்டு. மாட்டிலிருந்து எடுப்பதா என்று சைவக்காரர் கேட்கிறார்கள். 1827இல் அதை முதன்முதல் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் எருதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பெயர் வைத்தார்கள். இன்று பானங்களில் சேர்க்கும் ரோரின் இரசாயன முறையில் செய்யப்படுவது. நமது உடம்பும் அதைத் தானே உண்டாக்குகிறது. பேணியில் வாங்கிக் குடித்தால்தான் கிடைக்கும் என்பதில்லை.

அடுத்தது சீனி. 473 மில்லிலீற்றர் பெரிய பேணியொன்றில் ஏறத்தாழ 54 கிராம் சீனி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கணக்குப் போட்டால் 13 தேக்கரண்டிக்கு மேல். தேத்தண்ணீர்க் கோப்பையில் 13 கரண்டி சீனி போட்டு யாரும் தந்தால் குடிப்போமா? குளிராகவும் புளிப்பாகவும் இருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை. வளர்ந்த ஒருவர் உணவில் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பேணியில் அந்த எல்லை தாண்டிப்போகிறது. தெற்காசிய மக்களாகிய எங்களுக்குச் சலரோகம் மற்றவர்களைவிட இள வயதிலேயே, உடம்பு பெருக்காமலே வருகிறது என்பதை மறக்கக்கூடாது. சீனி இல்லாத பேணியை எடுத்தால் சீனி குறையும், கஃபீன் குறையாது.

கடன் தருகிறது, வட்டி கேட்கிறது

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டிருக்கும். அது கூடக் கூட நித்திரை வரும். "போதும், படு" என்று உடம்பு அனுப்பும் கடிதம் அது. கஃபீன் என்ன செய்கிறதென்றால், அந்தக் கடிதம் போய்ச் சேரும் கதவை அடைத்துவிடுகிறது. கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும். மூளைக்கு மட்டும் அது தெரிவதில்லை. கஃபீன் இறங்கியதும் சேர்ந்துகிடந்த களைப்பெல்லாம் ஒன்றாக வந்து விழுத்துகிறது. அப்பொழுது இன்னொரு பேணி தேவைப்படுகிறது.

ஆகவே பேணி சக்தி தருவதில்லை. நாளைய நித்திரையை இன்று கடனாகத் தருகிறது. ஊரில் மீற்றர் வட்டிக்குக் காசு வாங்கியவர்களுக்கு இது விளங்கும்.

வட்டி எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கஃபீன் குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். பின்னர் அதில் பாதி குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். ஒரு பெரிய பேணியில் 160 மில்லிகிராம் கஃபீன் உண்டு. விடியப்புறம் 3 மணி இடைவேளையில் அதைக் குடித்தவர் காலை 8 மணிக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் சரியும்போது 80 மில்லிகிராம் இன்னும் உடம்பில் ஓடுகிறது. சின்ன றெட் புல் பேணி ஒன்றைக் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமன்! கண் மூடினாலும் ஆழ்ந்த நித்திரை வராது. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னர் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் நித்திரை குறைந்ததாகக் கண்டார்கள். நித்திரை குறைந்தால் அடுத்த இரவு இன்னும் களைப்பு. இன்னும் ஒரு பேணி. இப்படித்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது.

யாருக்காகப் பிறந்த பானம்?

இந்தப் பானங்கள் தொழிலாளிகளை நம்பியே வளர்ந்தவை என்பது பலருக்குத் தெரியாது. யப்பானில் 1962இல் லிபோவிற்றன்-டி என்ற சிறிய போத்தல் சந்தைக்கு வந்தது. வேலைக் களைப்புக்கு என்று அதை விற்றார்கள். அதைப் பார்த்துத் தாய்லாந்தில் 1970களில் சாலியோ யூவித்யா என்பவர் கிராற்றிங் டேங் என்ற பானத்தைச் செய்தார். லொறிச் சாரதிகளும் தொழிற்சாலைக் கூலிகளும் வயல் வேலையாட்களும்தான் அதைக் குடித்தார்கள். தாய்லாந்துக்குப் போன டீற்றிச் மற்றெஷிற்ஸ் என்ற ஒஸ்ரியா நாட்டவர் அவரோடு கூட்டுச் சேர்ந்து, வாயுவும் சேர்த்து, 1987இல் றெட் புல் என்ற பெயரில் தமது நாட்டில் விற்பனைக்கு விட்டார். 2004இல் அது கனடாவுக்கு வந்தது. ஏழைத் தொழிலாளியின் போத்தல் பளபளக்கும் பேணியாகி, காரோட்டப் பந்தயக்காரர் கையில் ஏறி, மறுபடியும் தொழிலாளியிடமே வந்து சேர்ந்திருக்கிறது. விலைதான் மாறியிருக்கிறது.

"சிறகு தரும்" என்ற விளம்பரம் எல்லோருக்கும் பாடம். அந்த விளம்பரம் சொல்வதுபோலப் பானம் வேலை செய்வதில்லை என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 2014இல் அந்த நிறுவனம் 130 இலட்சம் டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது. எமது கியூபெக்கிலும் அப்படியொரு வழக்கு வந்தது. 2019இல் 850,000 டொலரோடு அதுவும் இணக்கமாக முடிந்தது. வாங்கிக் குடித்தவர் விண்ணப்பித்தால் ஆளுக்கு 10 டொலர் வரை என்று சொன்னார்கள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

எவ்வளவு வரை குடிக்கலாம்?

கனடிய சுகாதார அமைச்சின் கணக்கு இது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கஃபீன் 400 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 300. 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 85. 7 முதல் 9 வரை 62.5. 4 முதல் 6 வரை 45. 13 வயதுக்கு மேற்பட்ட இளையோருக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.5 மில்லிகிராம்.

இனி எதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். சின்ன றெட் புல் பேணி, 250 மில்லிலீற்றர், 80. பெரிய பேணி 473 மில்லிலீற்றர், ஏறத்தாழ 160. ஒரு கோப்பை வடித்த கோப்பி ஏறத்தாழ 135. ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஏறத்தாழ 50. ஒரு பேணிக்கு 180க்கு மேல் போகக்கூடாது என்று அரசு எல்லை வைத்திருக்கிறது.

இரவு வேலைக்குப் போகும் ஒருவர் இரண்டு பெரிய பேணி குடித்தால் 320. வேலைக்குப் புறப்படும்போது ஒரு கோப்பியும் குடித்திருந்தால் 455. எல்லை தாண்டிவிட்டது. வீட்டில் மனைவி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை. 40 கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளைக்கு எல்லை 100. ஒரு பெரிய பேணி அதை ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டுகிறது.

பேணியில் எத்தனை மில்லிகிராம் கஃபீன் என்று எழுதியிருக்கும். பிரெஞ்சில் அது கஃபேயின். மொழி விளங்காவிட்டாலும் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

உடம்பு சொல்லும் அறிகுறிகள்

அளவு கூடினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு எரியும், காரணமில்லாமல் பதற்றமும் கோபமும் வரும். இரத்த அழுத்தம் ஏறும். புளிப்பும் சீனியும் சேர்ந்து பல்லின் மேற்பூச்சை அரிக்கும். அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருக்கும் எம்மவர் பலருக்கு ஏற்கெனவே நித்திரையில்லை. ஊரில் பட்டது இரவில் கனவாக வருகிறது. அந்த மனத்தோடு இருப்பவருக்குக் கஃபீன் தரும் படபடப்பு பழைய பயத்தைப் போலவே தோன்றும். இது பேணியால் வந்ததா, மனதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்.

இருதய வருத்தம், இரத்த அழுத்தம், நெஞ்சு துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. சில மருந்துகள் கஃபீன் உடம்பை விட்டு வெளியேறுவதைத் தாமதிக்கச் செய்யும். சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிகொல்லியும் கருத்தடை மாத்திரைகளும் அப்படிப்பட்டவை. கர்ப்ப காலத்திலும் கஃபீன் நெடுநேரம் தங்கும். மருந்து எடுப்பவர்கள் மருந்துக்கடையிலுள்ள மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

மார்பு நோ, மூச்சு முட்டல், மயக்கம், நெஞ்சு தாறுமாறாக அடித்தல் ஆகியவை வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே 911ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

அப்பா குடிப்பது அலுமாரியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெப்பனரிலும் இருக்கிறது. சோடாவைப் போன்ற தோற்றம். வீடியோ விளையாட்டுக்காரர்களும் விளையாட்டு வீரர்களும் விளம்பரம் செய்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கவென்று தொடங்கும் பிள்ளைகளும் உண்டு.

2024 ஜனவரியில் எமது கியூபெக் மாகாணத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவன் ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக் குறைபாட்டுக்கு மருந்து எடுத்துவந்தவன். அந்த மருந்தோடு சக்திப் பானமும் சேர்ந்ததால் இருதயத் துடிப்புக் குழம்பியிருக்கக்கூடும் என்று கொறோனர் அறிக்கை சொல்லியது. அவனது பெற்றோர் பிள்ளைகளுக்கு இப்பானத்தை விற்கக்கூடாது என்று குரல் எழுப்பினார்கள். தம் பிள்ளையைப் பறிகொடுத்தும் மற்றவர் பிள்ளைக்காகப் பேசிய பெற்றோரை நாம் கைகூப்பி நினைக்கவேண்டும்.

எம்மவர் பிள்ளைகளிலும் இந்த மருந்து எடுப்போர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், மருத்துவர் தந்தார் என்பதோடு பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். வெளியில் சொல்ல வெட்கப்படுபவர்களும் உண்டு. வெட்கம் வேண்டாம். அந்த மருந்து இருதயத்தைச் சற்று விரைவாக ஓடச் செய்யக்கூடியது. கஃபீனும் அதையே செய்கிறது. ஒரே மாட்டை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று அடித்து விரட்டுவதைப் போன்றது அது. மருந்து எடுக்கும் பிள்ளைக்கு இதை இருத்தி விளக்கிச் சொல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

லித்துவேனியா 2014இலும் லற்வியா 2016இலும் போலந்து 2024இலும் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இப்பானங்களை விற்பதைத் தடை செய்தன. சட்டம் எங்கே எப்படியிருந்தாலும் வீட்டுச் சட்டம் எங்கள் கையில்தான் இருக்கிறது.

மதுவோடு சேர்க்கவே கூடாது

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று மண்டபங்களில் கூடும்போது இளைஞர்கள் சிலர் வொட்காவோடு இதைக் கலக்கிறார்கள். கஃபீன் வெறியைக் குறைப்பதில்லை. வெறித்திருப்பதை உணரவிடாமல் மறைக்கிறது. "நான் தெளிவாத்தான் இருக்கிறன்" என்று சொல்லிக் கார்த் திறப்பை எடுப்பவர் இவர்தான். மதுவோடு கலக்கக்கூடாது என்று பேணியிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

இனிப்புப் பேணிக்குள் மது ஒளிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை 2018இல் மொன்றியலுக்கு அருகே லவாலில் கண்டோம். பள்ளி மாணவியான 14 வயதுச் சிறுமி, ஏறத்தாழ 12 வீதம் மதுவுள்ள இனிப்புப் பானம் குடித்தபின் காணாமற்போய், பள்ளிக்கூடத்தின் பின்னாலுள்ள ஓடையில் பிணமாக மீட்கப்பட்டாள். அந்த ஆண்டே 7 வீதத்துக்கு மேல் மதுவுள்ள இனிப்புப் பானங்களைத் தெப்பனர்களிலும் பலசரக்குக் கடைகளிலும் விற்பதைக் கியூபெக் அரசு தடை செய்தது.

எப்படி விடுவது? என்ன குடிப்பது?

நாளும் நாலு பேணி குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலையிடி தொடங்கும். எரிச்சலும் சோர்வும் வரும். "இது இல்லாமல் ஏலாது" என்று அவர் திரும்பவும் எடுத்துவிடுவார். ஆகவே இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். நாலை மூன்றாக்கி, பின்னர் இரண்டாக்கி, பெரிய பேணியைச் சின்னதாக்கி, அதைத் தேத்தண்ணீராக்குங்கள்.

இரவு வேலைக்காரருக்குச் சில வழிகள். கஃபீன் வேண்டுமென்றால் ஷிப்ட் தொடங்கும்போது எடுங்கள். பிற்பாதியில் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள். களைப்பென்று நினைப்பது பல வேளை தாகமாகவும் பசியாகவும் இருக்கும். சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போகலாம், வாழைப்பழமும் கடலையும் போதும். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணை மூடக் கிடைத்தால் ஒரு பேணியைவிட மேல். பகலில் படுக்கும் அறைக்குக் கறுப்புத் திரை போடுங்கள். அப்பா படுத்திருக்கும்போது தொலைக்காட்சியைக் குறைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கண்ணைச் சுழற்றும்போது கார் ஓட வேண்டாம்.

காசுக் கணக்கும் பாருங்கள். ஒரு பேணி மூன்றரை டொலர் என்று வைத்தால் நாளுக்கு இரண்டு பேணி 7 டொலர். கிழமைக்கு ஐந்து நாள் 35. ஆண்டுக்கு 50 கிழமை என்றால் 1,750 டொலர். ஊரில் அம்மாவின் மருந்துச் செலவுக்கு அது எத்தனை மாதம் போதும்?

வருத்தம் பற்றிக் கேட்க இன்போ-சான்ரே 811 இரவு பகலாக இயங்குகிறது. தாதி ஒருவர் பேசுவார். சிறு பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் கியூபெக் நஞ்சுத் தடுப்பு மையத்தை 1-800-463-5060 என்ற இலக்கத்தில் கூப்பிடலாம். அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தின் கீழ் மருத்துவரையும் வைத்தியசாலையையும் நாடும் உரிமை உண்டு. பத்திரத்தை எப்போதும் கையோடு வைத்திருங்கள்.

களைப்பு குற்றமல்ல

கடைசியாக ஒன்று. பேணியை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது அரைவாசி உண்மைதான். எம்மவர் ஏன் குடிக்கிறார்கள்? ஏஜென்ற்றுக்குக் கொடுத்த காசின் கடன் இருக்கிறது. ஊரிலுள்ள மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதற்காக இரவில் ஒரு வேலை, பகலில் ஒரு வேலை. சில இடங்களில் மேற்பார்வையாளரே "ஒன்று குடித்துவிட்டு இன்னும் நாலு மணி நேரம் நில்" என்கிறார். அப்படிச் சொல்கிறவர் உடம்பு எங்களுடையது என்பதை மறந்துவிடுகிறார்.

கியூபெக்கின் தொழிற் சட்டப்படி தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தரவேண்டும். கிழமைக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 32 மணி நேர ஓய்வு தரவேண்டும். வழமையான நாள் வேலைக்கு மேல் 2 மணி நேரம் கடந்தால், சில விதிவிலக்குகள் தவிர, மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஏஜென்சி மூலம் போனாலும் இந்தச் சட்டம் பொருந்தும். முறையிடுவதற்கு சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி. என்ற அரச ஆணையம் இருக்கிறது. தனியே போகத் தயங்குவோருக்கு மொன்றியலில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் குடிபெயர்ந்த தொழிலாளர் மையம் துணை வரும்.

போரிலும் கடலிலும் எல்லைக் காட்டிலும் காப்பாற்றிக் கொண்டுவந்த உடம்பு இது. களைத்தால் படுக்க அதற்கு உரிமை இருக்கிறது. இந்தக் கட்டுரையை வாசித்தவர்கள் வேலையிடத்தில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளோடும் பேசுங்கள். இன்றிரவு வேலைக்குப் புறப்படுபவர்கள் போத்தலில் சுடச்சுடத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு போங்கள்.